பின் ரூமில் ஓடுகிறது, ஹாலில் தெரிகிறது

லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள், திரையில் விண்டோக்களைக் காட்டும் பழைய முறையான எக்ஸ்11-ஐ ஒவ்வொன்றாகக் கழற்றிவிட ஆரம்பித்ததிலிருந்து ஒரே கேள்வி பலரிடமிருந்து வருகிறது. வேறொரு மெஷினில் ஓடுகிற புரோகிராமின் விண்டோவை இனி நம் ஸ்கிரீனில் எப்படித் திறப்பது, தூரத்துத் திரையைப் படமாக அனுப்பும் விஎன்சி போடுவதா, அதே வேலைக்கு மைக்ரோசாஃப்டின் ஆர்டிபியா, வேறொரு மெஷினுக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் பழைய எஸ்எஸ்எச் வழியே போதுமா? பொதுவாக இதுதான் நல்லது என்று சொல்ல எனக்கு இஷ்டமில்லை. நான் ரெண்டே விஷயம்தான் கேட்பேன். ரெண்டு மெஷினுக்கும் நடுவில் ஒரு பாக்கெட் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது? லைன் பாதியில் அறுந்தால் அந்தப் புரோகிராம் உயிரோடு இருந்தாக வேண்டுமா? பிராட்பேண்ட் வேகம் எத்தனை எம்பிபிஎஸ் என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான். பிளானை மேலே ஏற்றிவிட்டு "அப்பவும் மெனு திறக்க மாட்டேங்குதே" என்று புலம்புகிறவர்கள் எல்லோரும் இந்த வரிசையை மாற்றிப் பிடித்தவர்கள்.

என் ஏற்பாடு இதுதான். வேளச்சேரி ஃபிளாட்டில் பின்பக்க ரூமில் ஒரு லினக்ஸ் டெஸ்க்டாப், ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தது, நல்ல பெட்டிதான், ஆனால் விசிறிச் சத்தமும் சூடும் அதிகம். மே மாதத்தில் அதோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்க்க யாராலும் முடியாது, ஏசி இருப்பதும் வேறு ரூமில். அதனால் பெட்டி அங்கேயே கிடக்கும், ஸ்கிரீனோ கீபோர்டோ அதற்குக் கிடையாது. நான் ஹாலில் மேக்கோடு உட்கார்ந்திருப்பேன். வீட்டில் ஒரு விண்டோஸ் லேப்டாப்பும் உண்டு. எஃப்பிஜிஏ (உள்ளமைப்பை நாமே மாற்றிக்கொள்ளும் சிப்) போர்டுகளுக்கான டூல் மேக்கில் ஓடாது, சர்க்யூட் வரையும் கிகேட், சிக்னல்களைப் பார்க்கும் ஜிடிகேவேவ் எல்லாம் ஏற்கெனவே அந்தப் பெட்டியில் என் இஷ்டப்படி அமைத்து வைத்திருக்கிறேன். ஆக மூன்று விதமான சிஸ்டம், ஒரு புரோகிராம், விண்டோ எங்கே வேண்டுமானாலும் தெரிய வேண்டும்.

இதைத்தான் எக்ஸ் 1984-இல் எம்ஐடியில் பிறந்தபோதே செய்ய நினைத்தது. அங்கே அதீனா என்ற திட்டத்தில் பல கம்பெனிகளின் மெஷின்கள் கலந்து கிடந்தன, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி விண்டோ வர வேண்டும், புரோகிராம் எந்த மெஷினில் ஓடுகிறது என்பது உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவே கூடாது. பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் ஆரம்பித்து வைத்தார்கள், 1987-இல் பதினோராவது பதிப்பு வந்தது, இன்றைக்கும் அதே 11-தான். ஸ்கிரீன், கீபோர்டு, மவுஸ் இருக்கிற பக்கம் ஓடுவது எக்ஸ் சர்வர். புரோகிராம் எங்கே ஓடினாலும் சரி, அது அந்த சர்வரோடு நெட்வொர்க்கில் பேசி "இங்கே ஒரு விண்டோ வேண்டும், இங்கிருந்து அங்கே ஒரு கோடு, இந்த இடத்தில் இந்த எழுத்து" என்று உத்தரவு போடும்.

ஊரில் இருக்கும் அக்காவுக்கு போனில் கோலம் சொல்வதுபோலத்தான் இது. "ஏழு புள்ளி, ஊடுபுள்ளி, நாலில் நிறுத்து" என்றால் அவர் வாசலில் முழுக் கோலமும் வந்துவிடும், போட்டோ அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் இதற்கு அக்காவுக்கு ஊடுபுள்ளி தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் ஒவ்வொரு வரிசைக்கும் "போட்டாச்சா, போட்டாச்சா" என்று கேட்டுக் கேட்டு நிறுத்தாமலும் இருக்க வேண்டும். எக்ஸில் வருகிற முக்கால்வாசிப் பிரச்சினை இந்த ரெண்டில் ஒன்றில் அடங்கிவிடும்.

வேறு வேறு சிஸ்டம் என்பதை எவ்வளவு அடியிலிருந்து யோசித்திருக்கிறார்கள் என்பதற்கு எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. புரோகிராம் சர்வரிடம் தொடர்பு வைக்கும்போது அனுப்புகிற முதல் பைட்டே நான் எண்களை எந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறவன் என்பதைச் சொல்வது. பெரிய 'பி' எழுத்து வந்தால் பெரிய முனை முதலில், சின்ன 'எல்' வந்தால் சிறிய முனை முதலில். சன் கம்பெனியின் ஸ்பார்க் மெஷின்கள் முதல் வகை, இன்டெல் இரண்டாவது. மாறிப்போனால் திருப்பிப் படித்துக்கொள்வது சர்வரின் பொறுப்பு. நான் படித்த காலேஜ் லேபில் சன்னின் சோலாரிஸ் மெஷினின் லாகின் திரை விண்டோஸ் பிசியில் எக்ஸீட் என்ற எக்ஸ் சர்வர் வழியாக வந்து நிற்கும், ஒரு மாணவனுக்கும் இந்தத் திருப்பல் நடப்பதே தெரியாது. இப்போது ஸ்பார்க்கைத் தேடிப் பிடிக்க வேண்டிய நிலை. அந்தத் திருப்பலைச் செய்யும் நிரலில் பாதுகாப்பு ஓட்டைகள் அதிகம் என்பதால், எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலாண்டுக்குள் பழைய எக்ஸ் புரோகிராம்களை ஓடவைக்கும் எக்ஸ்வேலாண்டில், 2023-இல் வந்த 23.1 பதிப்பு முதல், எதிர் முனைக்காரர்களை முன்னிருப்பாகவே சேர்ப்பதில்லை. ஆப்ஷன் கொடுத்துத் திறந்துகொள்ளலாம். பழைய சோலாரிஸ் பெட்டியை இன்னும் ஓட்டும் ஆபீஸ் ஏதாவது இருந்தால், புது லேப்டாப்பில் விண்டோ வராததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும், பாருங்கள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். இன்று யாரும் 6000-ஆம் போர்ட்டை நேராகத் திறந்து வைத்து எக்ஸ் ஓட்டக் கூடாது, லினக்ஸின் வழக்கமான எக்ஸ் சர்வரான எக்ஸ்.ஆர்க்கும் 1.17 பதிப்பிலிருந்து டிசிபியில் தானாகக் காது கொடுப்பதில்லை. எஸ்எஸ்எச்-சில் பெரிய எக்ஸ் ஆப்ஷனைப் போட்டு உள்ளே போனால், அந்தப் பக்கம் டிஸ்ப்ளே என்ற மாறி (வேரியபிள்) தானாகவே லோக்கல்ஹோஸ்ட் 10 என்று அமைந்துவிடும், அதாவது 6010-ஆம் போர்ட், அதில் வருகிறதெல்லாம் சுரங்கம் வழியாக உங்கள் ஸ்கிரீனுக்கு வந்துவிடும். சின்ன எக்ஸ் போட்டால் நேர் எதிர், அனுப்பாதே என்று பொருள், கவனம். எக்ஸ்-ஐஸ் என்று கண் உருட்டும் ஒரு குட்டிப் புரோகிராம் இருக்கிறதே, அதுதான் என் முதல் சோதனை. கண் உருண்டால் வழி சரி.

வராவிட்டால் எங்கே பார்ப்பது? தூரத்து மெஷினின் எஸ்எஸ்எச் சர்வர் அமைப்பில் எக்ஸ்11 ஃபார்வர்டிங் 'யெஸ்' என்று இருக்க வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எச் மூலப் பதிப்பில் அது 'நோ', டெபியன் டிஸ்ட்ரோக்காரர்கள் 'யெஸ்' ஆக்கிக் கொடுக்கிறார்கள். அடுத்தது எக்ஸ்-ஆத் என்ற சின்னப் பொட்டலம் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தபட்ச சர்வர் இன்ஸ்டாலில் அது இருக்காது, அது இல்லாமல் அனுமதிச் சீட்டு மாதிரியான குக்கியை எழுத முடியாது, குக்கி இல்லாமல் விண்டோ கிடையாது. டிஸ்ப்ளே மாறியைக் கையால் எழுதி வைத்திருந்தால் முதலில் அதை அழியுங்கள். எங்கேயோ ஒரு ஃபோரம் பதிலைப் பார்த்து ஷெல் தொடக்கக் கோப்பில் 'கோலன் 0' என்று எழுதி வைத்துவிட்டு, எஸ்எஸ்எச் அழகாக அமைத்துக் கொடுப்பதை அதுவே அழித்துவிடுவதை நான் பல பேர் மெஷினில் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, பலர் தவறாக நினைப்பது: தூரத்து மெஷினில் எக்ஸ் சர்வர் ஓட வேண்டிய அவசியமே இல்லை. லைப்ரரிகள் இருந்தால் போதும். என் பெட்டிக்கு ஸ்கிரீன் இல்லாமலேயே காலம் ஓடுவது அதனால்தான்.

பெரிய எக்ஸ் ஆப்ஷனுக்குப் பக்கத்தில் பெரிய ஒய் என்று ஒன்று உண்டு. எக்ஸ் என்றால் தூரத்துப் புரோகிராமை நம்பாமல் கட்டுப்பாட்டோடு வைப்பது, ஒய் என்றால் முழுசாக நம்புவது. நம்பாத வகையில் 20 நிமிடத்துக்குப் பிறகு புதிதாக விண்டோ திறக்கப் போனால் மறுத்துவிடும், அது முன்னிருப்புக் காலக்கெடு, "காலையில் வேலை செய்தது, டீ குடித்துவிட்டு வந்தால் வரவில்லை" என்பதன் ரகசியம் இதுதான். டெபியனிலும் அதன் வழி வந்தவற்றிலும் ரெண்டும் ஒன்றுபோலவே நடக்கும்படி வைத்திருக்கிறார்கள். மேக்கிலிருந்து போகும்போதுதான் வித்தியாசம் கண்ணில் படும். ஆனால் முழுசாக நம்புவது என்பதன் பொருள் லேசானதல்ல. எக்ஸில் ஒரே ஸ்கிரீனில் இருக்கும் புரோகிராம்களுக்கு நடுவே சுவரே கிடையாது. ஒன்று இன்னொன்றின் திரையைப் படம் எடுக்கலாம், நீங்கள் பக்கத்து விண்டோவில் தட்டும் பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அதனால் உங்கள் சொந்த மெஷினுக்கு ஒய், யாருடையதோ என்றால் வேண்டாம்.

இதைச் சொல்லும்போது ஒரு எரிச்சலையும் இறக்கி வைத்துவிடுகிறேன். விண்டோஸில் விசிஎக்ஸ்சர்வ் என்ற எக்ஸ் சர்வரைப் போட்டு, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல்-லிலிருந்து விண்டோ திறப்பது எப்படி என்று தேடினால், வருகிற பதிவுகளில் பாதி "டிசேபிள் ஆக்சஸ் கன்ட்ரோல் டிக் பண்ணுங்க, முடிஞ்சுது" என்று போய்விடுகின்றன. அது எக்ஸ்ஹோஸ்ட் கட்டளைக்குப் பின்னால் கூட்டல் குறி போடுவதற்குச் சமம், அதாவது யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். காபி ஷாப் வைஃபையில் அந்த லேப்டாப்பைத் திறந்தால், ஃபயர்வால் விட்டுவிட்ட பட்சத்தில், பக்கத்து டேபிள்காரர் உங்கள் கீபோர்டைக் கேட்கலாம். டபிள்யூஎஸ்எல்-லுக்கு இப்போது அந்தச் சங்கடமே தேவையில்லை, 2021 முதல் மைக்ரோசாஃப்டே டபிள்யூஎஸ்எல்ஜி என்று உள்ளே சேர்த்துக் கொடுக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அது உள்ளே ஒரு வேலாண்ட் கம்பாசிட்டரை (விண்டோக்களைச் சேர்த்துத் திரையாக்குவது) ஓட்டி, அதன் விண்டோக்களை ஆர்டிபி வழியாக அதே மெஷினின் விண்டோஸ் திரைக்கே அனுப்புகிறது. எஸ்எஸ்எச் வழி வெளி மெஷினுக்குப் போக வேண்டுமென்றால் மோபாஎக்ஸ்டெர்ம் எடுங்கள், எக்ஸ் சர்வர் அதற்குள்ளேயே இருக்கிறது.

மேக்கில் 2012-இல் வந்த மவுண்டன் லயனிலிருந்து எக்ஸ்11 கூடவே வருவதில்லை, எக்ஸ்குவார்ட்ஸைத் தனியாகப் போட வேண்டும், போட்டதும் ஒரு தடவை லாக் அவுட் செய்து வர வேண்டும், இல்லாவிட்டால் டெர்மினலுக்கு டிஸ்ப்ளே தெரியாது. ரெட்டினா திரையில் எழுத்தெல்லாம் கொஞ்சம் மொழுக்கென்று தெரியும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். பெரிய தலைவலி 3டி வரைய உதவும் ஓப்பன்ஜிஎல். தூரத்துப் புரோகிராம் 3டி வரையும்போது ஜிஎல் உத்தரவுகளையும் நெட்வொர்க்கில் அனுப்பப் பார்க்கும், புது ஜிஎல் அந்த வழியில் போகவே போகாது, பழையதும் இப்போதெல்லாம் முன்னிருப்பாக அணைத்தே இருக்கும். கிகேட்டில் அமைப்புக்குள் போய் ஜிஎல் வேண்டாம், கெய்ரோ என்ற 2டி லைப்ரரியில் வரை என்று மாற்றிவிட்டால் சர்க்யூட் வரைவதற்குப் பிரச்சினை இல்லை, போர்டின் 3டி காட்சி மட்டும் சிரமம். உண்மையிலேயே 3டி வேண்டும் என்றால் விர்ச்சுவல்ஜிஎல் என்று ஒன்று இருக்கிறது. அது தூரத்து மெஷினின் கிராஃபிக்ஸ் கார்டிலேயே வரையவைத்து, முடிந்த படத்தை மட்டும் அனுப்பும்.

வீட்டுக்குள் இவ்வளவுதான். ஈதர்நெட்டில் இருந்தால் விண்டோ எந்த மெஷினில் ஓடுகிறது என்று மறந்தே போகும். வைஃபையில், அதுவும் எங்கள் அபார்ட்மென்ட் மாதிரி ஒவ்வொரு ஃபிளாட்டிலும் ரவுட்டர் கத்திக்கொண்டிருக்கும் இடத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸில் உட்கார்ந்தால், மவுஸை இழுக்கும்போது திக்கித் திக்கி வரும். 5-க்கு மாறினாலே பாதி சரியாகும்.

கடல் தாண்டினால் கதை வேறு. ஓஎம்ஆரில் சிப் டிசைன் கம்பெனியில் இருக்கும் நண்பன் ஒருவன், மெஷின்கள் எல்லாம் கலிஃபோர்னியாவில், "மச்சான், இங்க நல்ல லைன்தான் குடுத்திருக்காங்க, ஆனா எடிட்டர் திறக்கறதுக்குள்ள காபி ஆறிடுது" என்றான். லைனைக் குறை சொல்லிப் பயனில்லை. சென்னைக்கும் அந்தக் கரைக்கும் நேர்கோட்டிலேயே கிட்டத்தட்ட 14,000 கிலோமீட்டர். ஃபைபருக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்பக் குறைந்தது 140 மில்லிவினாடி, கேபிள் சுற்றிச் சுற்றிப் போவதால் நடைமுறையில் 200-க்கு மேல். ஒரு புரோகிராம் தொடங்கும்போது சர்வரிடம் நூறு கேள்வி கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றால் 20 வினாடி போச்சு. எத்தனை ஜிபிபிஎஸ் கொடுத்தாலும் இது மாறாது. எக்ஸின் தப்பு என்றும் முழுசாகச் சொல்ல முடியாது, கோடு வரை என்பது மாதிரியான உத்தரவுகளுக்கு அது பதிலே அனுப்புவதில்லை, வரிசையாகத் தள்ளிக்கொண்டே போகலாம். ஆனால் புரோகிராம்கள் எக்ஸோடு பேசப் பயன்படுத்தும் பழைய எக்ஸ்லிப் லைப்ரரி, பதில் தேவைப்படும் ஒவ்வொரு கேள்விக்கும் நின்று காத்திருக்கும்படி எழுதப்பட்டது. பின்னால் வந்த எக்ஸ்சிபி கேள்விகளை முதலில் மொத்தமாக அனுப்பிவிட்டுப் பதில்களை அப்புறம் வாங்கிக்கொள்ள விட்டது. புரோகிராம் எழுதியவர்கள் அந்த வசதியைப் பயன்படுத்தினார்களா என்பது வேறு விஷயம்.

அப்புறம் மெனு, பட்டன் எல்லாம் வரைய ஜிடிகே, கியூட்டி லைப்ரரிகளைப் பயன்படுத்தும் இன்றைய புரோகிராம்கள் கோடு வரை, கட்டம் வரை என்று சர்வரிடம் சொல்வதையே பெரும்பாலும் விட்டுவிட்டன. தங்கள் பக்கமே முழுப் படத்தையும் வரைந்து முடித்துப் பிக்ஸல்களாகத் தள்ளுகின்றன. ஒரே மெஷினில் பகிர்ந்த நினைவகம் இருப்பதால் அது இலவசம். நெட்வொர்க்கில் அந்தப் பகிர்வு கிடையாது. 1920க்கு 1080 திரை ஒன்று சுருக்காமல் 8 எம்பிக்கு மேல், ஜிகாபிட் ஈதர்நெட்டிலேயே வினாடிக்குப் பதினைந்து திரைதான் போகும். வெறும் எழுத்து மட்டும் காட்டும் எக்ஸ்டெர்ம் பறப்பதும் பிரவுசர் நகராமல் நிற்பதும் இதனால்தான். பிக்ஸல்தான் போகப் போகிறது என்று ஆனபின், அதை நன்றாகச் சுருக்கத் தெரிந்தவரிடம் கொடுப்பதுதானே நியாயம்?

அங்கேதான் விஎன்சி, எக்ஸ்பிரா எல்லாம் வருகின்றன, என் ரெண்டாவது கேள்வியும் அங்கேதான் வருகிறது. எஸ்எஸ்எச் வழி எக்ஸில் லைன் அறுந்தால் புரோகிராம் செத்துவிடும், சேமிக்காதது போச்சு. கரண்ட் போய் யூபிஎஸ் மாறும் ஒரு நொடியில் ரவுட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆனாலே போதும். ஐப்பசி மழையில் இதைத் தாங்க முடியாது. எஃப்பிஜிஏ டூல் மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்போது லேப்டாப்பை மூடினோம் என்பதற்காக அது சாவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எக்ஸ்பிரா செய்வது ரொம்ப எளிது. தூரத்து மெஷினிலேயே திரையில்லாத ஒரு எக்ஸ் சர்வரை ஓட்டி, புரோகிராமை அதோடு கட்டிவிடும். அந்தக் கேள்வி பதிலெல்லாம் அங்கேயே, ஒரே பெட்டிக்குள் முடிந்துவிடும். நமக்கு வருவது சுருக்கிய படம் மட்டும், அதுவும் தனித்தனி விண்டோவாக. லைன் போனால் போகட்டும், திரும்பி வந்து அட்டாச் செய்தால் கர்சர் விட்ட இடத்தில் நிற்கும். பிரவுசரிலேயே திறக்கவும் முடியும், அதனால் மாமனார் வீட்டு விண்டோஸ் பிசியில் எதையும் இன்ஸ்டால் செய்யாமல் என் பெட்டியைப் பார்த்துவிடுகிறேன். குறை என்றால், ரெண்டு பக்கமும் பதிப்பு ரொம்ப விலகினால் முரண்டு பிடிக்கும்.

முழு டெஸ்க்டாப்பும் ஒரே சட்டத்துக்குள் வேண்டும் என்றால் விஎன்சி. கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டியின் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்தது, 1990களின் கடைசியில் இலவசமாக வெளியே வந்தது. பார்க்கிற பக்கம் "அடுத்த மாற்றத்தைக் கொடு" என்று கேட்டால்தான் அனுப்பும், மெதுவான லைனில் அதுவாகவே நிதானித்துக்கொள்ளும், நல்ல யோசனை. ஆனால் அதன் பழைய பாஸ்வேர்டு முறையில் முதல் 8 எழுத்துக்கு மேல் எவ்வளவு நீளமாக வைத்தாலும் கணக்கில் இல்லை, திரையும் மறைக்கப்படாமலே போகும். 5901-ஆம் போர்ட்டை இன்டர்நெட்டில் திறந்து வைக்காதீர்கள், எஸ்எஸ்எச் சுரங்கத்துக்குள் விடுங்கள். நண்பனின் ஆபீஸிலும் கடைசியில் மெஷினுக்குப் பக்கத்திலேயே விஎன்சி ஓட்டி இங்கே பார்க்கும்படி மாற்றினார்கள். தட்டியதும் எழுத்து வர அந்த 200 மில்லிவினாடி தாமதம் இருக்கும்தான், மெனுவுக்காகக் காத்திருப்பது போய்விட்டது.

தமிழ் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. எக்ஸின் பழைய முறையில் எழுத்துரு திரை இருக்கிற பக்கம் இருக்க வேண்டும், ஒரு குறியீட்டுக்கு ஒரு வடிவம் என்றுதான் அதற்குத் தெரியும். "கொ" என்ற ஒரு உயிர்மெய்க்குக் கொம்பை முன்னால் போட்டுக் காலைப் பின்னால் போட வேண்டும் என்பதெல்லாம் அதன் கணக்கிலேயே இல்லை. யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி, டேப் என்ற தமிழ்க் குறியீட்டு முறைகளின் காலத்து ஆட்கள் கொம்புக்கும் காலுக்கும் தனித்தனிக் குறியீடு கொடுத்து அதைச் சமாளித்தார்கள், எக்ஸின் கீபோர்டு பட்டியலில் தமிழுக்குக் கீழே அந்தப் பெயர்கள் இருக்கின்றன, பார்த்தால் பழைய நண்பரைப் பார்த்த மாதிரி இருக்கும். பிறகு கீத் பேக்கார்டின் ரெண்டர் விரிவாக்கம் வந்தது. எழுத்தைக் கோர்ப்பதும் வடிவமாக்குவதும் புரோகிராம் பக்கம், சர்வருக்கு வருவது முடிந்த வடிவங்கள். அதனால் இன்று தூரத்து மெஷினில் தமிழ் எழுத்துரு இருந்தால் போதும், மேக்கில் இருக்கிறதா என்பது ஒரு பொருட்டே இல்லை. கட்டம் கட்டமாக வருகிறது என்றால் அந்தப் பக்கம் நோட்டோ தமிழ் எழுத்துருவைப் போடுங்கள், இந்தப் பக்கம் அல்ல. காப்பி பேஸ்டில் தமிழ் கேள்விக்குறிகளாக மாறினால், புரோகிராம் யூடிஎஃப்-8 கேட்காமல் பழைய லத்தீன் வகைச் சரத்தைக் கேட்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் தூரத்து ஷெல்லில் லொகேல் என்ற மொழி அமைப்பு வெறும் 'சி' என்று இருப்பதைச் சரிசெய்தால் தீரும்.

வேலாண்டுக்கு வருவோம், எல்லோரும் பயப்படுவது அதற்குத்தானே. 2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கியபோதே அதில் வரையும் உத்தரவுகள் என்ற பேச்சே இல்லை. புரோகிராம் தன் படத்தைத் தானே வரைந்து நினைவகத்தில் வைத்துவிட்டுச் சுட்டிக்காட்டும், அவ்வளவுதான். நெட்வொர்க்கை விட்டுவிட்டார்கள் என்று திட்டுகிறார்கள். நான் மேலே சொன்னதைப் பார்த்தால், ஜிடிகேயும் கியூட்டியும் ஏற்கெனவே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தன. வேலாண்ட் புரோகிராமைத் தூரத்திலிருந்து இழுக்க வேபைப் இருக்கிறது, எஸ்எஸ்எச் கட்டளைக்கு முன்னால் அதன் பெயரைச் சேர்த்தால் போதும், மாறிய பகுதியை மட்டும் சுருக்கி அனுப்பும், வீட்டுக்குள் நன்றாகவே ஓடுகிறது. ரெண்டு முனையிலும் அது இருக்க வேண்டும், ரெண்டு முனையும் லினக்ஸாக இருந்தால்தான் சுலபம். முழு டெஸ்க்டாப்புக்கு, லினக்ஸ் டெஸ்க்டாப்பான ஜினோமே ஆர்டிபி பேசுகிறது, விண்டோஸில் எதுவும் போடாமல் நேராக உள்ளே போகலாம்.

ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸின் 10-ஆம் பதிப்பில் எக்ஸ்.ஆர்க் சர்வரே இல்லை என்று செய்தி வந்தபோது நண்பனின் ஆபீஸில் கலவரம். அந்தப் பதிப்பை லேப்டாப்பில் போட்டாலும் எக்ஸ்வேலாண்ட் இருக்கிறது, எஸ்எஸ்எச் வழி வருகிற பழைய விண்டோவை அது வாங்கிக்கொள்ளும். தூரத்து மெஷினிலோ, ஏற்கெனவே சொன்ன மாதிரி, சர்வர் தேவையே இல்லை. அவர்கள் மாற்ற வேண்டியது விஎன்சி ஏற்பாட்டைத்தான், உள்ளே ஓடும் டெஸ்க்டாப் எக்ஸை எதிர்பார்ப்பதால். அதை எப்படி மாற்றினார்கள் என்று கேட்டு வைத்திருக்கிறேன், அவன் அனுப்பியதும் தனியாக ஒரு பதிவாகப் போடுகிறேன்.